கண்மையும் வாட்டர்ப்ரூஃப் மஸ்காராவும் எரிச்சல் இல்லாம எடுக்க எது நல்லது? (மலையகக் குளிருக்கு ஏத்த மாதிரி சொல்லுங்க)

தலவாக்கலை மதி

எல்லாருக்கும் வணக்கம். வைகாசியில தங்கச்சி கல்யாணம். அதுக்கு முன்னால என் கண்ணைச் சரி பண்ணிக்கணும், அதான் எழுதுறேன்.

தினமும் வேலைக்குப் போறப்ப பென்சில் மையும் வாட்டர்ப்ரூஃப் மஸ்காராவும் போடுறேன். இங்க மழையும் மூடுபனியும் எப்ப வரும்னு சொல்ல முடியாது. சாதாரண மஸ்காரா போட்டா பஸ் ஸ்டாண்ட் போய்ச் சேர்றதுக்குள்ள கன்னத்துக்கு இறங்கிரும். ஆனா ராத்திரி எடுக்கிறதுதான் பெரும்பாடு. சவர்க்காரம் போட்டா எரியுது. தேய்க்காம படுத்தா காலையில தலகாணி உறையெல்லாம் கறுப்பு. இப்ப கொஞ்ச நாளா இமை ஓரம் சிவந்து, தோல் செதில் செதிலா உரியுது.

டவுன் கடையில பல மாதிரி இருக்கு. தண்ணி மாதிரி ஒரு போத்தல், மேல ஒரு நிறம் கீழ ஒரு நிறமா ஒரு போத்தல், வெள்ளையா பால் மாதிரி ஒன்னு, ஈரத் துடைப்பான் பக்கெட். விலையும் ஏறக்குறைய இருக்கு. எது மென்மையா இருந்து, மையையும் ஒழுங்கா எடுக்கும்? பாவிச்சவங்க சொல்லுங்க.

பதுளை வானதி

மதி தங்கச்சி, கடையில காசைக் கொட்ட வேணாம். தேங்காய் எண்ணெய் போதும். எங்கம்மா காலத்துல இருந்து வீட்டுல அதுதான். ரெண்டு சொட்டு விரல்ல எடுத்து, கண்ணை மூடிக்கிட்டு இமை மேல மெதுவா வட்டமா தடவுங்க. மை தானா இளகி வந்துரும். பழைய மெல்லிசு வேட்டித் துணியால ஒத்தி எடுங்க. வாட்டர்ப்ரூஃப் கூட இதுக்கு நிக்காது. வாசனை எண்ணெய் வேணாம், சமையலுக்கு வாங்குற சுத்தமான எண்ணெயே நல்லது.

நுவரெலியா நிலா

வானதி அக்கா, பதுளையில எண்ணெய் எண்ணெயா இருக்கும். எங்க ஊருல அது மெழுகு மாதிரி உறைஞ்சு போத்தலை விட்டு வராது. தேங்காய் எண்ணெய் 24 பாகை செல்சியஸுக்குக் கீழ போனாலே உறைய ஆரம்பிச்சிரும். நுவரெலியா கடல் மட்டத்துல இருந்து 1868 மீட்டர், வருஷ சராசரியே 16 பாகை கிட்டத்தான். தை, மாசியில புல்லு மேல உறைபனி விழுற ஊருல, ராத்திரி எண்ணெய்ப் போத்தலைத் தூக்கிக்கிட்டு அடுப்படிக்குப் போகணும்.

நான் பாத்த வரைக்கும் வாய் அகலமான சின்ன டப்பாவுல ஊத்தி வைக்கிறது நல்லது. நகக்கண்ணளவு தோண்டி உள்ளங்கையில வச்சா உடம்புச் சூட்டுலயே உருகிரும். அடுப்புல காய்ச்சி நேரா கண்ணுக்குக் கொண்டு போறது ஆபத்து. சூடு பண்ணினா மணிக்கட்டுல வச்சுப் பாத்துட்டுத்தான் போடணும்.

ஹட்டன் அலங்காரம்

நான் கல்யாணப் பொண்ணுங்களுக்கு அலங்காரம் செய்றவ. போடுறதுக்குக் குடுக்கிற அக்கறையை எடுக்கிறதுக்கு யாரும் குடுக்கிறதில்ல. அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன்.

முதல்ல போட்டது என்னன்னு பாக்கணும். எதை வச்சு எடுக்கிறதுங்கிறது அதுக்குப் பிறகு. வாட்டர்ப்ரூஃப் மஸ்காராவுல மெழுகும், சிலிக்கோன் மாதிரி தண்ணி ஒட்டாத பொருளும், காஞ்சதும் மயிர் மேல படலமாப் பிடிக்கிற பொருளும் இருக்கு. குழம்புச் சட்டியில படிஞ்ச எண்ணெயை வெறும் தண்ணி எடுக்குமா? அதே கதைதான். எண்ணெய்ப் பசை உள்ள ஒன்னுதான் அதை இளக்கும். சாதாரண மஸ்காரா, தூள் ஷேடோவுக்கு அவ்வளவு தேவையில்ல.

மதி கேட்ட போத்தல்களுக்கு வர்றேன். ரெண்டு நிறமா இருக்கிறது இருபடை ரிமூவர். மேல மிதக்கிறது லேசான எண்ணெய் அல்லது சிலிக்கோன், கீழ தண்ணி. குலுக்கினா கொஞ்ச நேரம் கலந்து நிக்கும், அதுக்குள்ள பஞ்சுல ஊத்திரணும். குலுக்காம ஊத்தினா வெறும் எண்ணெய் மட்டும் வந்து கண்ணு மங்கும், அடியில மிஞ்சுற தண்ணி பிறகு ஒன்னையும் எடுக்காது. வாட்டர்ப்ரூஃபுக்கு என் கை முதல்ல போறது இதுக்குத்தான். நம்ம ஊருக்கு இன்னொரு வசதி, இந்த எண்ணெய் குளிருல உறையாது.

தண்ணி மாதிரி இருக்கிறது மைசெல்லர் வோட்டர். 1995ல பிரான்ஸ்ல பயோடர்மா கொண்டு வந்ததுக்குப் பிறகு இப்ப எல்லாக் கம்பனியும் செய்யுது. அதுல மிக மென்மையான சவர்க்காரத் தன்மையுள்ள மூலக்கூறுகள் சின்னச் சின்ன உருண்டையாச் சேர்ந்து இருக்கும். உருண்டையோட உள்பக்கம் எண்ணெயை இழுக்கும், வெளிப்பக்கம் தண்ணியோட போகும். தினசரி மைக்கும் சாதாரண மஸ்காராவுக்கும் இது நல்லாப் போதும். வாட்டர்ப்ரூஃபுக்கு இதை வச்சு எடுக்கப் போனா பஞ்சு மேல பஞ்சு மாத்தி தேய்ச்சுக்கிட்டே இருக்கணும், அந்தத் தேய்ப்புதான் இமையைப் புண்ணாக்குது. மைசெல்லர்லயே எண்ணெய் கலந்த வகையும் வருது, அது வேற, அது எடுக்கும்.

பால் மாதிரி இருக்கிற லோஷன் வறண்ட தோலுக்கு நல்லது, மஸ்காராவுக்கு மெதுவாத்தான் வேலை செய்யும். ஈரத் துடைப்பானை நான் கண்ணுக்குப் பாவிக்கிறதே இல்ல.

இனி கை. இதை எழுதத்தான் வந்தேன். இமைத் தோல் அரை மில்லிமீட்டர் அளவுதான் இருக்கும், உடம்புலயே மெல்லிசான தோல் அது. பஞ்சை நல்லா நனைச்சு, கண்ணை மூடி, இமை மேல வச்சு, முப்பது எண்ணுற வரைக்கும் அசைக்காம பிடிங்க. அந்த நேரத்துல இளக வேண்டியது இளகிரும். பிறகு மேல இருந்து கீழ, மயிர் வளர்ற திசையில ஒரே இழுப்பு. மிச்சம் இருந்தா புதுப் பஞ்சு, மறுபடி வச்சுப் பிடிக்கணும். அங்கயும் இங்கயும் அரக்கக் கூடாது. மயிர்க்காம்புல ஒட்டின மைக்கு கொட்டன் பட்ஸை நனைச்சு ஓரத்துல ஒத்தி எடுங்க. எவ்வளவு நல்ல போத்தல் வாங்கினாலும் இந்த முப்பது எண்ணிக்கையை விட்டா பலன் இல்ல. சுமாரான போத்தலும் இந்தப் பொறுமையோட நல்லா எடுக்கும்.

பதுளை வானதி

அலங்காரம் அக்கா, இவ்வளவு விளக்கமா எழுதினதுக்கு நன்றி. ஆனா இருபடை ரிமூவர்ல இருக்கிறதும் எண்ணெய்தானே? அப்ப என் தேங்காய் எண்ணெய் ஏன் குறைஞ்சு போச்சு? சம்பளத்துல கை வச்சுத்தான் ஒவ்வொன்னையும் வாங்குற நாங்க, வீட்டுல இருக்கிறதை விட்டுட்டு எதுக்கு வாங்கணும்?

ஹட்டன் அலங்காரம்

குறையில்ல வானதி, அது நல்லாவே எடுக்கும். வித்தியாசம் எடுத்ததுக்குப் பிறகுதான். கடையில வாங்குற லேசான எண்ணெய் இமையில தங்காது. தேங்காய் எண்ணெய் படிஞ்சு நிக்கும், கண்ணுக்குள்ள போனா பார்வை மங்கும். முகத்துல பரு வர்றவங்களுக்கு அது துவாரத்தை அடைக்கும். அதனால எடுத்த பிறகு மென்மையான ஃபேஸ் வோஷ் போட்டு, கண்ணை மூடிக்கிட்டு இமையையும் சேர்த்துக் கழுவணும். அதைச் செய்றவங்களுக்குத் தேங்காய் எண்ணெய் போதும்னு நானும் சொல்லுவேன்.

கூத்துக்காரன்

சகோதரிகள் பேசுற இடத்துல நான் எழுதலாமான்னு யோசிச்சேன். எங்க தோட்டத்துல காமன் கூத்துல ரதி வேஷம் கட்டுறவன் நான், கண்மையில எனக்கும் பங்கு இருக்கு.

மாசி பங்குனியில ராத்திரி முழுக்க ஆட்டம். முத்துவெள்ளையை எண்ணெயில குழைச்சு முகம் பூரா பூசி, கண்ணுக்குக் கட்டியா மை எழுதுவாங்க. விடிஞ்சதும் கலைக்கிறது தேங்காய் எண்ணெயாலதான், அதுவும் அந்தக் குளிருல தீக்கங்கு பக்கத்துல போத்தலை வச்சு இளக்கித்தான். எங்க வாத்தியார் ஒரு விஷயத்துல கண்டிப்பு. எண்ணெயைப் பூசிட்டு உடனே துடைக்க விடமாட்டார். பூசிட்டு உக்காரணும், எல்லாருக்கும் பூசி முடிஞ்ச பிறகுதான் முதல் ஆள் துடைக்கணும். அலங்காரம் அக்கா சொன்ன அந்தப் பொறுமையை வாசிச்சதும் அவர் ஞாபகம் வந்துச்சு.

இப்பத்த பொடியனுங்க வியர்வையில கலையக் கூடாதுன்னு வாட்டர்ப்ரூஃப் ஐலைனர் வாங்கிட்டு வர்றானுங்க. அது எண்ணெயோட ஒரு தடவையில வராது, ரெண்டு மூணு தடவை பூசணும். வராத கோபத்துல பீலித் தண்ணியில, அதான் மலை ஊத்துல இருந்து விழுற தண்ணியில, முகத்தை வச்சு சவர்க்காரத்தைத் தேய்ப்பானுங்க. ரெண்டு நாளைக்குக் கண்ணு மிளகாய்ப் பழம்.

பண்டாரவளை தாதி

நான் தாதி. கண் பிரிவில் வேலை செய்திருக்கிறேன். மதியின் பிரச்சினையில் ஒன்றை யாரும் தொடவில்லை, அதைச் சொல்லிவிடுகிறேன்.

இமை ஓரத்தில், மயிர் வரிசைக்கு உள்பக்கமாக, நுண்ணிய எண்ணெய்ச் சுரப்பிகள் வரிசையாக இருக்கின்றன. மேல் இமையில் 25 முதல் 40 வரை, கீழ் இமையில் 20 முதல் 30 வரை. அவை சுரக்கும் எண்ணெய் கண்ணீரின் மேல் படலமாகப் படர்ந்து, கண்ணீர் சீக்கிரம் காய்ந்துவிடாமல் காக்கிறது. கண்ணுக்கு உள் ஓரத்தில், ஈரக் கோட்டில் இழுக்கும் மை நேரே அந்தத் துவாரங்களின் மேல்தான் படுகிறது. தினமும் இழுத்து, தினமும் பாதியை விட்டுவிட்டுத் தூங்கினால் துவாரம் அடைபடும். கண் உறுத்தல், காலையில் ஒட்டிக்கொள்வது, சிலருக்கு இமையில் கட்டி, எல்லாம் அங்கிருந்து தொடங்கக்கூடும். மையை மயிர் வரிசைக்கு வெளியே எழுதுங்கள். எடுப்பதும் எளிதாகும்.

மதி, செதில் உரிவதும் சிவப்பும் இருக்கும்போது எந்த ரிமூவரையும் பரிசோதிக்க வேண்டாம். கண் அலங்காரத்தை முழுதாக நிறுத்துங்கள். சுத்தமான துணியை இளஞ்சூட்டு நீரில் நனைத்துப் பிழிந்து, மூடிய இமை மேல் ஐந்து பத்து நிமிடம் வையுங்கள். ஆறினால் மறுபடி நனைத்துக்கொள்ளுங்கள். குறையாவிட்டால் கண் கிளினிக் போய்க் காட்டுங்கள். வலி, வெளிச்சம் பார்த்தால் கூச்சம், பார்வை மங்கல், சீழ் இதில் எது இருந்தாலும் காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே போக வேண்டும். பார்மசியில் கேட்டு ஸ்டெரொய்ட் கலந்த களிம்பை நீங்களாக வாங்கி இமையில் பூச வேண்டாம். தொடர்ந்து பாவித்தால் கண் அழுத்தம் கூடும், கண்புரையும் வரலாம்.

மாத்தளை மல்லி

மதி, எனக்கும் இப்படித்தான் இமை உரிஞ்சது. மாசி மகத் தேர் சமயத்துல, முத்துமாரியம்மன் கோயிலுக்குக் கண்ணாடி போட்டு மறைச்சுக்கிட்டுப் போனேன். நான் பாவிச்சது ஈரத் துடைப்பான், பேரு வேணாம். தோல் டொக்டர் பக்கெட்டைக் கொண்டு வரச் சொல்லி, பின்னால இருந்த பொடி எழுத்தை வாசிச்சார். மெத்தில்ஐசோதயசோலினோன்னு ஒரு பதப்படுத்தி அதுல இருந்துச்சு. ஒவ்வாமை ஆராய்ச்சி செய்ற அமெரிக்க டொக்டர்மார் சங்கம் 2013ல 'வருஷத்து ஒவ்வாமைப் பொருள்'னு அறிவிச்சதே அதைத்தானாம். துடைப்பானால துடைச்சுட்டு முகத்தைக் கழுவுறதில்ல, அப்படியே தூங்கிர்றோம், அந்தப் பொருள் ராத்திரி முழுக்க இமையில நிக்குது.

அதுக்குப் பிறகு நான் பாக்கிறது இவ்வளவுதான்: வாசனை சேர்க்காதது, அற்ககோல் இல்லாதது, 'கண் டொக்டர் பரிசோதிச்சது'ன்னு போட்டிருக்கிறது. வாசனைன்னு சொல்றப்ப ரோஸ், லெவெண்டர் எண்ணெயையும் சேர்த்துத்தான் சொல்றேன், இயற்கைன்னு எழுதியிருந்தாலும் இமைக்கு அது வாசனைதான். புதுசா எது வாங்கினாலும் முழங்கை மடிப்புல ஒரு வாரம் போட்டுப் பாப்பேன். அங்க அரிப்பு வந்தா கண்ணுக்குக் கொண்டு போறதில்ல.

ராகலை அப்பா

மகளுக்குப் பத்து வயசு. பரதம் படிக்கிறா. கலைவிழாவுக்குப் பெரிய கண்ணு எழுதி விட்டாங்க, வீட்டுக்கு வந்து எடுக்க முடியாம அழுதுட்டா. குழந்தைகளுக்கு உள்ள ஷாம்பூவைத் தண்ணியில கலந்து எடுக்கலாம்னு ஒருத்தர் சொன்னார். 'கண்ணீர் வராது'ன்னு போத்தல்லயே எழுதியிருக்கே, அது சரியா?

பண்டாரவளை தாதி

ஐயா, இமை சுத்தம் செய்ய அதை நீர்த்துப் பாவிக்கும்படி முன்பு கண் வைத்தியர்களே சொல்வார்கள். இப்போது இமைக்கென்றே செய்த கழுவிகள் வந்துவிட்டன, அவற்றைத்தான் பெரும்பாலும் சொல்கிறார்கள். எரியவில்லை என்பதால் கண்ணீர்ப் படலத்துக்கு நல்லது என்று ஆகிவிடாது. மேடை மையை அந்த ஷாம்பூ சரியாக எடுக்கவும் மாட்டாது, தேய்க்க வேண்டிவரும்.

பிள்ளைக்கு எளிய வழி வாசனையில்லாத வெள்ளைப் பெற்றோலியம் ஜெலி, வெசலின் போல. கண் களிம்புகளுக்கே அதுதான் அடிப்படைப் பொருள். கொஞ்சம் எடுத்து, மூடிய இமையில் மையின் மேல் பூசி, ஒரு நிமிடம் பேச்சுக் கொடுத்துவிட்டு, மெல்லிய துணியால் கீழ்நோக்கித் துடையுங்கள். பிறகு இளஞ்சூட்டு நீர். கண்ணுக்குள் பூசக் கூடாது. டப்பாவில் விரலை விட்டு எடுப்பதற்கு முன் கையைக் கழுவுங்கள்.

மகளுக்கு எழுதும் மை எங்கே வாங்கியது என்றும் பாருங்கள். சுர்மா, கோல் என்ற பெயர்களில் முத்திரை இல்லாமல் வரும் சிலவற்றில் ஈயம் இருக்கிறது. கலீனா என்ற ஈயத் தாதுவை அரைத்துச் செய்வதுதான் அதன் பழைய முறை. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சிக்குக் கேடு. எவ்வளவு நன்றாகத் துடைத்தாலும், கண்ணைக் கசக்கிய கை வாய்க்குப் போகும்.

ராகலை அப்பா

நன்றி மிஸ். மை டப்பாவுல கம்பனி பேரே இல்ல. அதை எடுத்துப் போட்டுட்டேன். நடன டீச்சர்கிட்டயும் சொல்றேன், மத்தப் பிள்ளைகளும் அதையேதான் போடுறாங்க.

கினிகத்தேனை கவி

நான் கொன்டெக்ட் லென்ஸ் போடுறவ. எண்ணெய் உள்ள எதைப் போட்டாலும் மறுநாள் லென்ஸ் மங்கலா இருக்கு. அப்ப எனக்கு மைசெல்லர் மட்டும்தானா?

பண்டாரவளை தாதி

வரிசையை மாற்றினால் போதும், கவி. கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து, முதலில் லென்ஸைக் கழற்றுங்கள். அதன் பிறகுதான் அலங்காரத்தை எடுக்க வேண்டும். காலையில் இது தலைகீழ்: லென்ஸ் முதலில், மை பிறகு. இரவு எண்ணெய்ப் படலம் இமையில் மிஞ்சாமல் கழுவிவிடுங்கள்.

கினிகத்தேனைப் பக்கம் பீலித் தண்ணீர் பார்க்கக் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும். அந்தத் தண்ணீரோ குழாய்த் தண்ணீரோ லென்ஸில் படவே கூடாது. அகந்தமீபா என்ற நுண்ணுயிர் நன்னீரில் வாழ்கிறது. லென்ஸ் வழியாகக் கருவிழிக்குப் போனால் பார்வையே போகலாம். லென்ஸைக் கழுவ அதற்கென்று உள்ள திரவம் மட்டும்தான்.

நுவரெலியா நிலா

சூடான தண்ணியில கழண்டு வர்ற மஸ்காரா ஒன்னு இருக்குன்னு கேள்விப்பட்டேன், அது உண்மையா? உண்மைன்னா மதிக்கு இந்தத் தொல்லையே இல்லையே.

ஹட்டன் அலங்காரம்

உண்மைதான். டியூபிங் மஸ்காரான்னு சொல்லுவாங்க. ஒவ்வொரு மயிரையும் சுத்தி பொலிமர் உறை மாதிரிப் பிடிக்கும். மழைத் தூறலுக்கும் வியர்வைக்கும் நல்லா நிக்கும். இளஞ்சூட்டுத் தண்ணியில நனைச்ச துணியை வச்சுப் பிடிச்சு மெதுவா இழுத்தா சின்னச் சின்ன இழையா கழண்டு வரும். பாத்தா கண்மயிரே உதிர்ற மாதிரி இருக்கும், பயப்பட வேணாம். ஆனா பச்சைத் தண்ணிக்கு வராது. நம்ம வீடுகள்ல குழாயில வர்ற தண்ணி கையை விறைக்க வைக்கும், ஒரு கோப்பை சுடுதண்ணி கலந்துதான் ஆகணும். டவுன் கடைகள்ல தேடித்தான் வாங்க வேண்டி இருக்கும். எரிச்சல் உள்ள கண்ணுக்கு வாட்டர்ப்ரூஃபை விட இது நூறு மடங்கு நல்லதுன்னு நான் சொல்லுவேன்.

தலவாக்கலை மதி

எல்லாருக்கும் நன்றி. தாதி அக்கா சொன்ன மாதிரி மையை நிறுத்திட்டேன், சுடுதண்ணி ஒத்தடம் குடுக்கிறேன். சிவப்பு இறங்கிக்கிட்டு வருது. இன்னும் உரிச்சல் முழுசா போகல, அதனால கிளினிக் போகத்தான் போறேன்.

இன்னும் ரெண்டு கேள்வி. பழைய மஸ்காராவைத் திரும்பப் பாவிக்கலாமா? தங்கச்சி கல்யாணத்துக்கு இமைமயிர் ஒட்டணும்னு நிக்கிறா, அதை எப்படி எடுக்கிறது?

பண்டாரவளை தாதி

பழையதைப் பாவிக்க வேண்டாம். திறந்து மூன்று மாதம் ஆன மஸ்காரா எதுவானாலும் குப்பைக்குத்தான். கண் சிவந்திருந்தபோது பாவித்தது என்றால் நாள் கணக்கே பார்க்க வேண்டாம். தங்கச்சியோடு பங்கு போடுவதும் வேண்டாம்.

ஹட்டன் அலங்காரம்

தங்கச்சி எந்த வகை ஒட்டப் போறான்னு முதல்ல கேளுங்க. ஒரு நாளைக்கு ஒட்டுற பட்டை வகைன்னா கவலை இல்ல. இருபடை ரிமூவரைக் கொட்டன் பட்ஸ்ல நனைச்சு பிசின் கோட்டு மேல ஓட்டி, இளகுற வரைக்கும் விட்டு, வெளி மூலையில இருந்து உள்பக்கமா மெதுவா உரிக்கணும். இழுத்துத்தான் வரணும்னா இன்னும் இளகலன்னு அர்த்தம், மறுபடி நனைக்கணும். பிசின் துணுக்கை நகத்தால கிள்ளினா சொந்த மயிரும் கூட வந்துரும். அது திரும்ப வளர வாரக் கணக்கு, மாசக் கணக்கு ஆகும்.

ஒவ்வொரு மயிரா ஒட்டி வாரக்கணக்குல நிக்கிற வகைன்னா வேற கதை. எண்ணெய் பட்டா அந்தப் பிசின் தளரும். அதனால அவளுக்கு இருபடையும் வேணாம், தேங்காய் எண்ணெயும் வேணாம், எண்ணெய் இல்லாத மைசெல்லர் மட்டும் போதும். வாட்டர்ப்ரூஃப் மஸ்காரா அதுக்கு மேல போடவே கூடாது. அதை வீட்டுல கழட்டப் பாக்க வேணாம், ஒட்டினவங்ககிட்டயே போகணும். ஒட்டுறதுக்கு முன்னால பிசினுக்கு ஒவ்வாமை இருக்கான்னு சோதிச்சுப் பாக்கச் சொல்லுங்க, கல்யாணத்துக்கு முந்தின நாள் இல்ல, ரெண்டு வாரமாவது முன்னால.